வெற்று வரியும் பெர்லும் நன்னூலும்

(தமிழ் முதுகலை மாணவர்களுக்கும் நூலகத் துறையினருக்குமாக நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இருநூறு பக்க நாவல் ஒன்றை யாரோ முழுதுமாகத் தட்டச்சு செய்து கோப்பாகக் கொடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை மின்னூலாக்க வேண்டும். ஒவ்வொரு பத்திக்கும் முன்னால் ஒரு திறப்புக் குறி, பின்னால் ஒரு மூடும் குறி போட வேண்டும். இதைத்தான் டேக் என்கிறோம். குறிச்சொல் என்றும் எழுதுகிறார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட பத்திகளுக்குக் கையால் போட உட்கார்ந்தால் நாளும் போகும், கண்ணும் போகும். பெர்ல், பைத்தான் மாதிரி ஒரு ஸ்கிரிப்ட் மொழியில் பத்துப் பதினைந்து வரி எழுதிவிட்டால் ஒரு நொடிக்குள் வேலை முடிந்துவிடும். இதுவரை யாருக்கும் ஆட்சேபம் இருக்காது.

அந்த ஒரு நொடியில் என்னென்ன கெட்டுப்போகிறது என்பதைப் பேசத்தான் வந்திருக்கிறேன். கையால் வேலை செய்பவர் சந்தேகம் வந்த இடத்தில் நிறுத்திவிட்டு எழுந்துபோய் யாரையாவது கேட்பார். ஸ்கிரிப்ட் நிற்காது. தெரிந்த இடத்திலும் தெரியாத இடத்திலும் ஒரே முகத்தோடு குறி போட்டுக்கொண்டே போகும். ஆகவே என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உறுதியாகத் தெரிந்த இடத்தில் பத்தி பிரித்து, தெரியாத இடத்தில் நம்மைக் கூப்பிடுகிற ஸ்கிரிப்ட்தான் நல்ல ஸ்கிரிப்ட். மிச்சம் இல்லாமல் எல்லாவற்றையும் பிரித்துக் கொடுத்துவிட்டது என்றால் எனக்குப் பயமாக இருக்கும்.

கணினிக்குப் பத்தி என்றால் என்னவென்று தெரியாது. கோப்புக்குள் இருப்பவை வரிசையாக எண்கள். எழுத்துக்கு ஓர் எண், இடைவெளிக்கு ஓர் எண், என்டர் தட்டினால் அதற்கும் ஓர் எண்; யூனிக்ஸ் வழி வந்த கணினிகளில் அது 10. என்டரை இரண்டு தடவை தட்டினால் இரண்டு 10 அடுத்தடுத்து விழும். நம் கண்ணுக்கு அது வெற்று வரி. அச்சகத்தில் பத்தியின் முதல் வரியை உள்ளே தள்ளிக் கோப்பார்கள். விசைப்பலகைக்கு வந்த பிறகு அந்த வேலையைப் பெரும்பாலும் வெற்று வரி செய்யத் தொடங்கியது.

இந்த வெற்று வரிக்கு ஒரு பெரிய புரவலர் இருந்தார். 1971 ஜூலை 4 அன்று அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஹார்ட் என்ற மாணவர், அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தைப் பல்கலைக்கழகக் கணினியில் தட்டி ஏற்றினார். இலவச மின்னூல்களைத் தரும் குட்டன்பர்க் திட்டம் அதிலிருந்துதான் கிளைத்தது. எந்தக் கணினியிலும் எந்தக் காலத்திலும் திறக்க வேண்டும், ஆகவே அலங்காரம் எதுவும் இல்லாத வெறும் எழுத்துக் கோப்பே அடிப்படை என்பதில் அவர் பிடிவாதமாக நின்றார். அந்தக் கோப்புகளில் சாய்வெழுத்துக்குப் பதில் சொல்லின் இருபுறமும் அடிக்கோடு இருக்கும். பத்திகளுக்கு நடுவே ஒரு வெற்று வரி. எழுபது சொச்சம் எழுத்து வந்ததும் என்டர் தட்டி வரியை முறித்திருப்பார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, ஒரே கோப்பில் இரண்டு வகை என்டர் இருக்கிறது என்பது. ஒற்றையாக வந்தால் அதற்குப் பொருள் இல்லை, வரி நிறைந்துவிட்டது என்பதைத் தவிர. இரட்டையாக வந்தால் பத்தி முடிந்தது என்று பொருள். ஒற்றையை ஸ்பேஸ் ஆக்கு, இரட்டையில் வெட்டு. ஆங்கிலக் கோப்புகளுக்கு எழுதும் பத்தி பிரிக்கும் ஸ்கிரிப்ட்டின் உயிர்நாடி இந்த இரண்டு கட்டளைகள்தாம்.

இது அடிக்கடி தேவைப்பட்டதால் மொழிகளுக்குள்ளேயே இதற்கு வசதி செய்து வைத்துவிட்டார்கள். 1977-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஆல்ஃபிரட் ஏஹோ, பீட்டர் வைன்பெர்கர், பிரையன் கெர்னிகன் மூவரும் உருவாக்கிய 'ஆக்' மொழி, வழக்கமாகக் கோப்பை வரி வரியாகப் படிக்கும். பதிவுகளைப் பிரிக்கும் குறி எது என்ற இடத்தில் ஒன்றும் எழுதாமல் வெறுமையாக விட்டால், பத்தி பத்தியாகப் படிக்கத் தொடங்கிவிடும். 1987-இல் லாரி வால் வெளியிட்ட பெர்லிலும் இதே ஏற்பாடு உண்டு. கட்டளை வரியில் ஒரு கழித்தல் குறியும் இரண்டு பூச்சியமும் போட்டால் போதும். வால் மொழியியல் படித்தவர். மொழியியல் படித்த ஒருவர் செய்த கணினி மொழியில் 'பத்தி' என்ற அலகுக்கு இரண்டு பூச்சியம் தூரத்தில் இடம் இருப்பது எனக்கு என்றும் பிடித்த விஷயம்.

சரி, இரண்டு பூச்சியம் போட்டுவிட்டோம். முதல் அடி எங்கே விழும் தெரியுமா? விண்டோஸ் கணினியில் சேமித்த கோப்பில். பழைய டெலிபிரிண்டரில் அச்சுத் தலையை இடது ஓரத்துக்கு இழுப்பது ஒரு வேலை, தாளை ஒரு வரி மேலே தள்ளுவது இன்னொரு வேலை. இரண்டுக்கும் தனித்தனி எண்கள்: 13, 10. டெலிபிரிண்டர் போய்விட்டது, விண்டோஸ் இன்னும் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறது. அப்படியானால் வெற்று வரி அங்கே 13, 10, 13, 10 என்று இருக்கும். அடுத்தடுத்து இரண்டு 10 எங்குமே இல்லை. லினக்ஸ் கணினியில் ஓடும் ஸ்கிரிப்ட் அந்த நாவலைத் தலை முதல் கால் வரை படித்துவிட்டு, முழு நாவலும் ஒரே பத்தி என்று பணிவோடு தெரிவிக்கும். பிழைச் செய்தி எதுவும் வராது. அதன் கணக்கில் பிழை ஒன்றும் நடக்கவில்லையே.

இரண்டாவது, பார்வைக்கு வெறுமையாக இருந்து உண்மையில் வெறுமையாக இல்லாத வரி. தட்டச்சு செய்தவர் என்டர் தட்டினார், கை பழக்கத்தில் ஒரு ஸ்பேஸ் தட்டினார், மறுபடி என்டர் தட்டினார். இரண்டு 10-க்கு நடுவே ஓர் இடைவெளி வந்து உட்கார்ந்துவிட்டது. பெர்லின் பத்தி முறைக்கு அது வெற்று வரி ஆகாது. பைத்தானில் வரியின் இருபுற வெற்றிடத்தையும் நறுக்கிவிட்டு மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கலாம். ஸ்பேஸ், டேப், வரி உடையாமல் இருக்கப் போடும் சிறப்பு ஸ்பேஸ் எல்லாம் போய்விடும். ஆனால் யூனிகோடில் அகலமே இல்லாத எழுத்துகள் சில உண்டு. கூட்டெழுத்தாகச் சேராமல் தடுக்கப் போடும் இணைப்பு நீக்கி அதில் ஒன்று, சில தமிழ் விசைப்பலகைகளில் அது தானாகவே விழும். பைத்தான் அதை வெற்றிடமாக எண்ணாது. திரையில் தெரியாத ஓர் எழுத்து இரண்டு பத்திகளை ஒட்டிவைத்துக்கொண்டு கிடக்கும். எத்தனை தடவை உற்றுப் பார்த்தாலும் தெரியாது, எண்களாகக் காட்டச் சொன்னால்தான் அகப்படும்.

பத்திப் பிரிப்புக்கென்றே யூனிகோடு ஓர் எழுத்தைத் தனியாக ஒதுக்கி வைத்திருக்கிறது. விசைப்பலகையில் அதற்குப் பொத்தான் இல்லாததால் தட்டுபவர் யாரும் இல்லை. அரசாணை வெளியாகியும் ஊருக்கு வந்து சேராத பேருந்து அது.

டேக் போடும் வேலைக்கு வருவோம். இணையப் பக்கங்களின் மொழியான எச்.டி.எம்.எல். தொடங்கிய காலத்தில் பத்தி டேக் என்பது இரண்டு பத்திகளுக்கு நடுவே வைக்கும் எல்லைக்கல் மட்டுமே. மூடும் குறி கிடையாது. 1995-இல் வந்த இரண்டாம் பதிப்பு, அதைத் திறந்து மூடும் உறையாக வரையறுத்தது. அங்கும் மூடும் குறியை எழுதாமல் விட அனுமதி உண்டு. அந்தத் தாராளம் இன்றும் ஸ்கிரிப்ட் எழுதுபவர்களைப் படுத்துகிறது. பத்தி உறைக்குள் ஒரு பட்டியலையோ மேற்கோள் தொகுதியையோ வைத்துப் பாருங்கள். உலாவி அந்த இடத்திலேயே பத்தியைத் தானாக மூடிவிடும். பிறகு உங்கள் ஸ்கிரிப்ட் கடைசியில் போட்ட மூடும் குறிக்கு ஜோடி இருக்காது. ஜோடி இல்லாத அந்தக் குறியைப் பார்த்ததும் உலாவி அதற்காக ஒரு காலிப் பத்தியை உருவாக்கும். பக்கத்தில் காரணம் தெரியாமல் ஒரு பள்ளம் விழுந்திருந்தால் பல நேரம் இதுதான் கதை. வெற்று வரியால் பிரிந்த துண்டுகள் எல்லாமே பத்தி என்று ஸ்கிரிப்ட் நினைத்ததன் விளைவு. துண்டு எதில் தொடங்குகிறது என்று பார்த்து, பட்டியல், தலைப்பு, மேற்கோள் என்றால் பத்தி உறையைப் போடாமல் விட வேண்டும். வெறும் எழுத்துக் கோப்பை எச்.டி.எம்.எல். ஆக்குவதற்காக 2004-இல் ஜான் க்ரூபர் வெளியிட்ட மார்க்டவுனின் முதல் நிரல் ஒரு பெர்ல் ஸ்கிரிப்ட். அதில் கணிசமான உழைப்பு இந்தப் பிரித்தறிதலுக்கே போயிருக்கிறது.

வரிசையும் முக்கியம். நாவலில் எங்காவது சிறிது, பெரிது என்ற கணக்குக் குறிகளோ & என்ற குறியோ வந்தால், அவை டேக் என்று உலாவி மயங்காதபடி மாற்று வடிவில் எழுத வேண்டும். அதை டேக் போடுவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். பிறகு செய்தால் நாம் போட்ட டேக்குகளே மாற்றப்பட்டு, வாசகர் கண்முன் எழுத்தாக வந்து நிற்கும். அதிலும் & குறியைத்தான் முதலில் மாற்ற வேண்டும், ஏனென்றால் மற்றவற்றின் மாற்று வடிவமே அந்தக் குறியில்தான் தொடங்குகிறது. இவை எல்லா மொழிக்கும் பொது. இதற்கு மேல் நிற்கத் தேவையில்லை.

தமிழுக்கு வருகிறேன், இங்கேதான் நிறைய நேரம் வேண்டும்.

ஆங்கிலக் கோப்பில் ஒற்றை என்டரை ஸ்பேஸ் ஆக்கு என்று சொன்னேன் அல்லவா? பழைய தமிழ் நூலை ஸ்கேன் செய்து, படத்தை எழுத்தாக மாற்றும் ஓசிஆர் எடுத்த கோப்பில் அதைச் செய்தால் நூல் நாசமாகிவிடும். ஆங்கில அச்சில் சொல் வரி ஓரத்தில் முறிந்தால் ஒரு சிறு கோடு போடுவார்கள். நம் பழைய அச்சகங்களில் அந்தக் கோடு பெரும்பாலும் கிடையாது. வரி நிறைந்த இடத்தில் சொல்லை முறித்து அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். 'வந்திருக்கி' என்று ஒரு வரி முடியும், 'றார்கள்' என்று அடுத்த வரி தொடங்கும். நாம் வாசிக்கும்போது கண் தானாகச் சேர்த்துக்கொள்கிறது. ஸ்கிரிப்ட் நடுவில் ஸ்பேஸ் போட்டு 'வந்திருக்கி றார்கள்' ஆக்கிவிடும். ஸ்பேஸ் இல்லாமல் எல்லாவற்றையும் ஒட்டச் சொன்னால் 'ராமன் வந்தான்' என்பது 'ராமன்வந்தான்' ஆகும். எந்தப் பக்கம் போனாலும் பள்ளம்.

இந்த இடத்தில் கணினித் துறை நண்பர்கள் அகராதி வேண்டும், செயற்கை நுண்ணறிவு வேண்டும் என்பார்கள். வேண்டியதுதான். அதற்கு முன் நன்னூலைத் திறக்கலாம்.

மொழிக்கு முதலில் எந்த எழுத்து வரும், இறுதியில் எது வரும் என்று தொல்காப்பியமும் நன்னூலும் வகுத்து வைத்திருக்கின்றன. தேர்வுக்குப் படித்து மறந்திருப்பீர்கள். நன்னூல் கணக்கில் பன்னிரண்டு உயிரும், க, ச, த, ப, ந, ம, வ, ய, ஞ, ங வரிசை உயிர்மெய்களும் சொல்லுக்கு முதலாகும். மிச்சம் எட்டு: ட, ண, ர, ல, ழ, ள, ற, ன. இவற்றில் ட, ர, ல மூன்றும் டாக்டர், ரயில், லாரி என்று இப்போது சொல்லின் முதலில் சரளமாக வருகின்றன. அவற்றை நம்ப முடியாது. ண, ழ, ள, ற, ன ஐந்தும் இன்றைக்கும் பிடி கொடுக்கவில்லை. ஆகவே விதி இது: ஒரு வரி இந்த ஐந்தில் ஒன்றோடு தொடங்கினால், அது முந்தைய வரிச் சொல்லின் மிச்சம், ஸ்பேஸ் போடாமல் ஒட்டு. 'வந்திருக்கி / றார்கள்' இந்த ஒரே விதியில் சரியாகிவிடுகிறது. பவணந்தி முனிவர் பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுதியதை பைத்தானில் ஒரு வரியாக எழுதிவிடலாம். சதுர அடைப்புக்குள் ஐந்து எழுத்து, அவ்வளவுதான்.

மெய்யெழுத்து சொல்லுக்கு முதலாகாது என்பது அடுத்த விதி. வரி 'ட்டான்' என்று தொடங்கினால் முந்தைய வரியோடு ஒட்ட வேண்டும். ஆனால் இந்த மேடையில் நின்று நான் 'ஸ்கிரிப்ட்' என்று எத்தனை தடவை சொல்லிவிட்டேன் பாருங்கள். ட்ரெயின், க்ளாஸ், ப்ளீஸ் எல்லாம் நாவலில் வரும். எனவே இந்த விதியை நூலின் காலம் பார்த்துத்தான் பயன்படுத்த வேண்டும். சைவ சமய வினாவிடை நூலுக்குக் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்தலாம். கல்லூரிக் காதல் கதைக்கு முடியாது.

இறுதி எழுத்து இன்னும் சுவாரசியமானது. வல்லின மெய்யில் தமிழ்ச் சொல் முடியாது என்பது இலக்கணம். ஆனால் சந்தி வந்து கதையை மாற்றுகிறது. 'கதையைக்' என்று வரி முடிந்து 'கேட்டான்' என்று அடுத்தது தொடங்கினால் அவை இரண்டு சொற்கள். 'வாழ்க்' என்று முடிந்து 'கை' என்று தொடங்கினால் அது ஒரே சொல். இரண்டிலும் வரி முடிவது க் என்ற எழுத்தில், அடுத்தது தொடங்குவது ககர வரிசையில். இலக்கணம் இங்கே கைவிரித்துவிடுகிறது. அப்போது அந்த நூலையே அகராதியாக்கலாம். வரி ஓரத்தில் அல்லாமல் நடுவில் வரும் சொற்களை எல்லாம் முதலில் திரட்டி வைத்துக்கொள்ளுங்கள். அவை முறியாதவை, நம்பத்தக்கவை. 'வாழ்க்கை' என்று ஒட்டிய வடிவம் அந்தத் திரட்டில் இருந்தால் ஒட்டலாம். 'கதையைக்கேட்டான்' இருக்காது, 'கேட்டான்' தனியாக இருக்கும், ஸ்பேஸ் போடலாம். இரண்டு வகையிலும் ஆதாரம் கிடைக்கவில்லை என்றால்? ஊகிக்கக் கூடாது. அந்த வரி எண்ணைத் தனிக் கோப்பில் எழுதிவைத்துவிட்டு ஸ்கிரிப்ட் மேலே போக வேண்டும்.

சொற்களைத் திரட்டச் சொன்னேனே, அதில் ஒரு கண்ணி இருக்கிறது. எழுத்துக் கோலங்களைத் தேட உதவும் ரெஜெக்ஸ் என்ற வசதியில், பைத்தானின் வழக்கமான வடிவில், 'சொல்லெழுத்து' என்று ஒரு குறி உண்டு. ஆங்கிலத்தில் அதை வைத்துச் சொற்களைப் பொறுக்கலாம். 'பத்தி' என்ற சொல்லை அதனிடம் கொடுத்தால் 'பத' ஒரு சொல், 'த' இன்னொரு சொல் என்று திருப்பித் தரும். புள்ளியையும் இகரக் குறியையும் அது எழுத்தாக மதிப்பதில்லை. சொல்லை வெட்டும் கத்தியாக எண்ணிவிடுகிறது. பெர்லில் இந்தத் தொல்லை இல்லை, கோப்பு யூனிகோடு என்று சொல்லிவிட்டால் துணைக் குறிகளையும் சொல்லின் உறுப்பாகவே எடுத்துக்கொள்ளும். பைத்தானிலேயே இருக்க விரும்புபவர்கள் தனியாகக் கிடைக்கும் ரெஜெக்ஸ் நிரலகத்தை நிறுவிக்கொள்ளலாம், அல்லது ஸ்பேஸில் வெட்டி நிறுத்தக்குறிகளை மட்டும் நீக்கலாம். நான் இரண்டாவது கட்சி.

வெற்று வரியே இல்லாத ஓசிஆர் கோப்பில் பத்தியை எப்படிக் கண்டுபிடிப்பது? அச்சில் முதல் வரி உள்ளே தள்ளியிருக்கும், ஆனால் ஓசிஆர் அந்த இடைவெளியைப் பல நேரம் விழுங்கிவிடும். மிஞ்சுவது கடைசி வரியின் குட்டை. வரி பாதியில் நின்று, முற்றுப்புள்ளியும் இருந்தால் அங்கே பத்தி முடிந்திருக்கலாம். எவ்வளவு குட்டை என்று அளக்கப் போகும்போது தமிழ் மறுபடி குறுக்கிடும். 'பத்தி' நமக்கு மூன்று எழுத்து, கணினிக்கு ஐந்து. புள்ளி நிறைந்த வரி கணக்கில் நீளமாகத் தெரியும், தாளில் மற்ற வரிகளின் அகலமே இருக்கும். துணைக் குறிகளைத் தள்ளிவிட்டு எண்ணினால் ஓரளவு சரியாக வரும். முற்றுப்புள்ளியிலும் ஏமாற இடம் உண்டு, 'உ. வே. சா.' என்று தலைப்பெழுத்தில் முடியும் வரியில் இருப்பது வாக்கியத்தின் முடிவு ஆகாது. ஓர் எழுத்தும் புள்ளியுமாக முடிந்தால் சந்தேகப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

இதைவிட நுட்பமான இடம் பக்க எல்லை. பக்கத்தின் கடைசி வரி முழு அகலமும் நிறைந்து, முற்றுப்புள்ளியோடு முடிகிறது. அடுத்த பக்கம் தொடங்குகிறது. பத்தி தொடர்கிறதா, புதிதா? 2000-இல் தொடங்கி, குட்டன்பர்க் திட்டத்துக்காகப் பக்கம் பக்கமாக மெய்ப்புப் பார்க்கும் தன்னார்வலர் தளமான டிஸ்டிரிபியூட்டட் புரூஃப்ரீடர்ஸில் இதற்கு ஒரு நல்ல விதி வைத்திருக்கிறார்கள். புதுப் பத்தியோடு தொடங்கும் பக்கத்தின் உச்சியில் ஒரு வெற்று வரி விட வேண்டும். பக்கங்களைப் பிறகு ஸ்கிரிப்ட் ஒட்டும்போது, அந்த வரி இருந்தால் பத்தி, இல்லாவிட்டால் தொடர்ச்சி. படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதரிடம், அவர் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த நேரத்திலேயே தீர்ப்பை வாங்கிவிடுகிறார்கள். விக்கிமூலத்தில் பக்க முடிவில் ஒரு சிறு வார்ப்புருவை இடுவதும் இதே காரியத்துக்குத்தான். செய்யுளுக்கும் அந்தத் தன்னார்வலர்கள் வழி செய்திருக்கிறார்கள்: வரிகளை ஒட்டக் கூடாத பகுதியை ஒரு சாய்கோடும் நட்சத்திரமும் போட்டுத் தொடங்கி, நட்சத்திரமும் சாய்கோடும் போட்டு முடிப்பார்கள். அதற்குள் ஸ்கிரிப்ட் கைவைக்காது.

செய்யுள் என்றதும் நம் நூல்களில் பாதி அதுதான். 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தில் இருந்தபடி முனைவர் கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் நூல்களைப் பாருங்கள். அடிகள் அடிகளாக, பாடல் எண்ணோடு இருக்கும். அங்கே ஒற்றை என்டருக்கும் முழுப் பொருள் உண்டு, அது அடியின் முடிவு. உரைநடைக்கு எழுதிய ஸ்கிரிப்ட்டை அதன் மேல் ஓட்டினால் அகவற்பா கட்டுரை ஆகிவிடும். பாடலுக்கு ஒரு டேக், உள்ளே ஒவ்வோர் அடிக்கும் ஒரு டேக் என்று இரண்டடுக்காகப் போட வேண்டும்.

செய்யுளில் ஒரு பெரிய வசதி, விடை முன்கூட்டியே தெரியும். திருக்குறளுக்கு டேக் போட்டுவிட்டு எண்ணுங்கள். 1330 வர வேண்டும். 1329 வந்தால் எங்கோ ஒரு வெற்று வரி தொலைந்து, இரண்டு குறள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எங்கே என்று தேடி அலைய வேண்டாம்: அதிகாரத்துக்குப் பத்து என்று எண்ணினால் 133-இல் எந்த அதிகாரத்தில் ஒன்பது என்று தெரிந்துவிடும். சீர் பிரித்த பதிப்பானால் முதலடியில் நான்கு, இரண்டாமடியில் மூன்று. ஸ்பேஸை எண்ணியே ஒவ்வோர் அடியையும் சோதிக்கலாம். புதிதாக ஸ்கிரிப்ட் எழுதப் பழகும் தமிழ் மாணவருக்குக் குறளைவிட நல்ல பயிற்சிக் கோப்பை நான் சொல்ல மாட்டேன். ஆனால் 1330 வந்துவிட்டது என்பதாலேயே சரி என்றும் எண்ணிவிடாதீர்கள். ஓரிடத்தில் இரண்டு ஒட்டி, வேறோரிடத்தில் ஒன்று இரண்டாக உடைந்திருந்தாலும் கூட்டுத்தொகை 1330தான்.

உரைநூல்களுக்கு இப்படி விடைத்தாள் கிடையாது. ஓலைச்சுவடியில் பத்தி இல்லை, சொற்களுக்கு நடுவே இடைவெளி இல்லை, புள்ளிகூடப் பெரும்பாலும் இல்லை. சி.வை.தாமோதரம்பிள்ளையும் உ.வே.சாமிநாதையரும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்த பழைய உரைகளில் நாம் இன்று பார்க்கும் பத்திப் பிரிப்பு பதிப்பாசிரியர் தீர்ப்பு. இன்னொரு பதிப்பாசிரியர் அதையே வேறு இடத்தில் பிரித்திருக்கலாம். அப்படியானால் பத்தி டேக் போடுவது என்பது உரையாசிரியர் இங்கே நிறுத்தினார் என்று சாட்சி சொல்வதா, இந்தப் பதிப்பில் இங்கே நிறுத்தியிருக்கிறது என்று சொல்வதா? இரண்டாவதைச் சொல்லத்தான் நமக்கு உரிமை இருக்கிறது. எந்தப் பதிப்பு, எந்த ஆண்டு என்பதைக் கோப்பின் தலையில் எழுதாமல் டேக் போடத் தொடங்கவே கூடாது.

1987-இல் நியூயார்க் மாநிலத்தின் வாசர் கல்லூரியில் கூடிய அறிஞர்களிடமிருந்து வளர்ந்தது டி.இ.ஐ. என்ற நெறிமுறை. இலக்கிய, வரலாற்று நூல்களை டேக் போட்டுப் பாதுகாக்க உலகெங்கும் அதைப் பின்பற்றுகிறார்கள். அதில் பத்திக்கு ஒரு டேக், பாடல் தொகுதிக்கு ஒன்று, அடிக்கு ஒன்று என்றெல்லாம் இருப்பதில் வியப்பில்லை. நான் கைதட்டுவது வேறொரு டேக்குக்கு. இது ஒரு தொகுதி, ஆனால் பத்தி என்று நான் சொல்லவில்லை என்று அறிவிக்க ஒரு தனி டேக் வைத்திருக்கிறார்கள், பெயரற்ற தொகுதி. அதேபோல் ஒரு குறியீட்டை எவ்வளவு உறுதியோடு இடுகிறோம் என்று எழுதிவைக்கவும் இடம் உண்டு. பக்க எல்லைக்கு அவர்கள் உறை போடுவதில்லை, உள்ளே ஒன்றும் இல்லாத ஒற்றைக் குறியாக வைக்கிறார்கள். ஏனென்றால் பக்கம் பத்திக்குள் முடியும், பத்தி பக்கத்தைத் தாண்டும். ஒன்றுக்குள் ஒன்று அடங்காத இரண்டையும் உறையாக்கினால் டேக்குகள் பின்னிக்கொள்ளும்.

நடைமுறையில் ஒரே ஒரு வேண்டுகோள். ஸ்கிரிப்ட் கொடுத்த வெளியீட்டைத் திறந்து கையால் திருத்தாதீர்கள். நாளைக்கு ஒரு விதியைச் சேர்த்து மறுபடி ஓட்டினால் உங்கள் திருத்தம் அத்தனையும் அழிந்துபோகும். மூலக் கோப்பு ஒன்று. அதைத் தொடவே கூடாது. ஸ்கிரிப்ட் ஒன்று. சந்தேக இடங்களுக்கு மனிதர்கள் கொடுத்த தீர்ப்புகள் மூன்றாவது கோப்பில், வரி எண்ணோடும் தீர்ப்பளித்தவர் பெயரோடும். ஸ்கிரிப்ட் ஒவ்வொரு தடவையும் மூலத்தையும் தீர்ப்புகளையும் சேர்த்துப் படித்து, வெளியீட்டைப் புதிதாக உண்டாக்கட்டும். மூலத்தைத் தொடாமல் இருந்தால்தான் வரி எண்கள் நகராமல் இருக்கும், தீர்ப்புகளும் பிசகாமல் பொருந்தும். கோப்பு திஸ்கி போன்ற பழைய குறியீட்டில் இருந்தால் யூனிகோடுக்கு மாற்றி, அந்த மாற்றிய படியை மூலம் என்று பூட்டிவிட்டு இவற்றைத் தொடங்குங்கள்.

பேசியது போதும், திரையைப் பாருங்கள். உங்கள் நூலகத்துப் பழைய நாவல் ஒன்றை நேற்று ஓட்டியதில் ஸ்கிரிப்ட் நீட்டிய சந்தேகப் பட்டியல் இது. முதலாவது, ஒரு பக்க எல்லை. மேலே இருக்கும் பக்கம் முழு வரியோடும் முற்றுப்புள்ளியோடும் முடிகிறது. அடுத்த பக்கத்தின் முதல் வரியில் இடது ஓரம் செல்லரித்துப் போயிருக்கிறது. உள்ளே தள்ளியிருந்ததா இல்லையா என்று படத்தில் தெரியவில்லை. மேலே வாக்கியம் சண்டையில் முடிகிறது, கீழே மழையில் தொடங்குகிறது. மழை வந்தால் புதுப் பத்தி என்று முன்வரிசையில் ஒருவர் சொல்கிறார். சண்டைக்கு நடுவேயும் மழை வரும் அல்லவா? இந்த நூலுக்கு வேறு படி இருக்கிறதா என்று நூலகர் ஐயா கொஞ்சம் பார்த்துச் சொல்ல வேண்டும். அதுவரை இந்த வரிக்கு டேக் போடாமல் அடுத்ததற்குப் போவோம்.